முதல் வளை நெல்

கலியம்மாளுக்குத் தன் தங்கச்சி புருஷனின் குறட்டைமேல் பொறாமை. கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள். நகை, புடவை, கறவை மாடு என்று பெண்கள் வயிறெரிவதற்கு ஊரில் எவ்வளவோ இருக்கிறது. அவளுடைய இருளர் குடியில் அதெல்லாம் ஒருத்திக்கும் கிடையாது. தங்கச்சி காசம்மாள் குடிசையில் இருந்ததும் அதே மண்சட்டி, அதே கிழிந்த பாய்தான். ஆனால் அந்தப் பாயில் காசம்மாள் புருஷன் பொழுது விடிந்த பிறகும் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டான். கலியம்மாள் புருஷன் சாமிக்கண்ணுவோ பதினாலு பதினைந்து வருஷமாக ஒரு ராத்திரிகூடத் தன் குடிசையில் படுத்தவன் இல்லை.

இரண்டு குடிசைக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். நடுவே ஒரு வரப்பு, வரப்பில் ஒரு கல். கல்லுக்கு வடக்கே சோரியாங்குப்பம், பிரெஞ்சுக்காரன் சீமை. தெற்கே இங்கிலீஷ்காரன் சீமை. எலிக்கும் நண்டுக்கும் அந்தக் கல் ஒரு பொருட்டே இல்லை. ஒரு காலத்தில் இருளர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அறுப்பு முடிந்த வயலில், அது எந்தத் துரையின் வயலானாலும், எலி வளையை வெட்டுவார்கள். எலி குழம்புக்கு, எலி சேர்த்து வைத்த நெல் கஞ்சிக்கு. வளை நெல் வெட்டியவனுக்குத்தான் என்பதை இரண்டு பக்கத்து ரெட்டியார்களும் கவுண்டர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

தெற்கே வாழ்க்கைப்பட்டது கலியம்மாள் தானே கேட்டு வாங்கிக்கொண்ட வரம். இரண்டு மாப்பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவள் என்று அவளைத்தான் முதலில் கேட்டார்கள். சாமிக்கண்ணு நெடுநெடுவென்று இருந்தான். தரையில் காதை வைத்தால் எலி எத்தனை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லுவான் என்றார்கள். அவனைக் காட்டினாள். மிச்சமிருந்த வடக்கத்திக்காரன், மந்தமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றவன், காசம்மாளுக்குப் போனான். அன்றைக்குக் காசம்மாள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் வருஷம் ரேகைச் சட்டம் வந்தது. தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு களவு. களவாடியவன் அகப்படவில்லை. அகப்படாவிட்டால் என்ன, சாதியே களவாணிச் சாதி என்று எழுதிவிட்டால் வேலை சுலபம் அல்லவா? குடியிருப்பு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, பத்து விரலையும் மசியில் தோய்த்துப் புத்தகத்தில் ஒற்றினார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் மணியக்காரர் வாசலில் பேர் கூப்பிடும்போது ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். ராத்திரி சாவடியில் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வேண்டும். சாமிக்கண்ணுவின் ஆத்தா செத்தபோது சீட்டு எழுதி வருவதற்குள் பிணம் நாறிவிடும் போலிருந்தது. சீட்டில்லாமல் போய் மண் தள்ளிவிட்டு வந்தான். அதற்கு மூன்று மாசம் ஜெயில். வரப்புக்கு வடக்கே அந்தச் சட்டம் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அந்தத் தனி வளை காசம்மாளுக்குத்தான் வாய்த்தது.

ரேகை எடுக்கும்போதே ஏட்டு கேட்டிருந்தான், “ஆம்பளப் புள்ள இருக்குதாடா?” என்று. இருந்தால் அதன் பேரையும் எழுதிக்கொள்வார்கள். தலையெடுத்ததும் அதன் விரல்களையும் மசியில் தோய்ப்பார்கள். சாமிக்கண்ணு இல்லை என்றான். அப்போது கலியம்மாளுக்கு ஏழு மாசம்.

அன்று சாவடிக்குக் கிளம்புமுன் அவன் சொன்னான். “காசு வூட்டுக்குப் போயிடு. அங்கயே பெத்துடு. ஆம்பளயா இருந்தா அவ பேருலயே பதிஞ்சுடட்டும். அவளுக்கும் புள்ள இல்ல. நமக்குப் பொறந்தது செத்துப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

கலியம்மாள் நாலு நாள் அவனுக்குக் கஞ்சி ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் போனாள். பிள்ளை ஆண்பிள்ளையாகவே பிறந்தது. காசம்மாள் புருஷன் பாகூர் மேரிக்கு, அதாவது பிரெஞ்சுக்காரனின் ஊர்க் கச்சேரிக்கு, இரண்டு சாட்சியைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பிள்ளை என்று பதிந்து வந்தான். பேர் தங்கவேல். கலியம்மாள் மனசில் வைத்திருந்தது மாமனார் பேர், இருசன் என்று. அதை அவளிடம் யார் கேட்டார்கள்? அக்காவும் தங்கையும் குலசாமி ஏழு கன்னியம்மா மேல் சத்தியம் செய்தார்கள், பிள்ளையிடம் ஒருநாளும் வாய் திறப்பதில்லை என்று.

மூன்று மாசம் பால் கொடுத்துவிட்டு வரப்பைத் தாண்டி வந்தாள். பால் வற்றினால் எல்லாம் வற்றிவிடும் என்று நினைத்திருந்தாள், பாவம். பொறாமை பிடித்துக்கொண்டது அப்போதுதான். குறட்டைமேல் இருந்தது பழைய பொறாமை. அது வெறும் கொசுக்கடி. இது வேறு. காசம்மாள் இடுப்பில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் அந்த இடுப்பைப் பிடிக்கவில்லை. ‘தங்கவேலு’ என்று நீட்டிக் கூப்பிட்டால் அந்தக் குரலைப் பிடிக்கவில்லை. அவன் முதன்முதலில் ‘அம்மா’ என்றதைக் காசம்மாள் ஓடிவந்து சொன்னபோது, “எல்லாப் புள்ளையும்தான் சொல்லுது” என்றாள். அவளை அவன் ‘பெரிம்மா’ என்று கூப்பிட்டான். முறை சரிதான். அதுதான் எரிச்சல். தப்பாகக் கூப்பிட்டிருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

பின்னால் கலியம்மாளுக்கு இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்தும் ஆயிற்று. அந்தப் பொறாமை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

தங்கவேலுக்குப் பதினாலு நடந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும் காசம்மாள் வந்தாள். முகமெல்லாம் பல்.

“அக்கா, நாளைக்குத் தங்கவேலு மொத வளை வெட்டப்போறான். நீயும் வந்து பாரு.”

நீயும். கலியம்மாள் அந்த வார்த்தையை அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தாள். நீயும் வா, நண்டு பிடிக்கிற கிழவனும் வரட்டும், போகிற வருகிற நாயும் வரட்டும்.

முதல் வளை என்பது அவர்கள் குடியில் சின்ன விஷயம் இல்லை. ஒரு பையன் யார் துணையும் இல்லாமல் வெட்டி எடுக்கிற முதல் வளை நெல்லைப் பெற்றவள் மடியில் கொட்ட வேண்டும். அவள் அதைக் குத்திக் கஞ்சி வைத்து, கன்னியம்மாவுக்குக் காட்டி, முதல் வாய் தான் குடிக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. பெற்றவள் வாயில் படாமல் வேறு யார் வாயில் பட்டாலும் பையனுக்கு அப்புறம் வளையே அகப்படாது, கண் மங்கிப்போகும் என்பார்கள். கலியம்மாளுக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், பயம் ஒரு பங்கு, வயிற்றெரிச்சல் மூன்று பங்கு.

மறுநாள் காலை வயலுக்கு அவள் காசம்மாளுக்கு முன்னாலேயே போய்விட்டாள். வடக்குப் பக்கம் போகவில்லை. கல்லுக்குத் தெற்கே, தன் பக்கத்தில், வரப்போரம் குந்திக்கொண்டாள். காசம்மாள் மஞ்சள் பூசிக் குளித்து, துவைத்த புடவை கட்டி, வடக்கு வரப்பில் வந்து உட்கார்ந்தாள். இப்போதே மடியை ஏந்திவிடுவாள் போலிருந்தது.

தங்கவேல் சாமிக்கண்ணு மாதிரியே வளர்ந்திருந்தான். அதே நெடுநெடு உடம்பு, குனிந்தால் அதே முதுகு. தாளடியில் புது மண் தள்ளியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தான். காதைத் தரையில் வைத்தான். மற்ற வாய்களைச் சேறு வைத்து அடைத்தான். ஒரு வாயில் புகைச்சட்டியை வைத்து ஊதினான். இரண்டு எலி வெளியே பாய்ந்தன; இரண்டையும் அடித்தான். காசம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருஷ்டி கழித்தாள். கலியம்மாள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வெட்டினான். வளை வரப்பை நோக்கிப் போயிற்று. ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கீழே இறங்கி வரப்புக்கு அடியில் நுழைந்தது. அவன் நிமிர்ந்தான்.

“பெரிம்மா, வளை உங்க பக்கம் போவுது.”

“போனா போவுது, வுட்டுடு,” என்றாள் காசம்மாள். “அந்தப் பக்கம் வாணாம். வேற வளை பாத்துக்கலாம்.”

அதுதான் புத்தி. வடக்கத்திப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லி வைத்திருந்தது அது: கல்லைத் தாண்டாதே. அதைச் சொல்லிக் கொடுத்தவர்களில் கலியம்மாளும் ஒருத்தி. ஆனால் அவள் குந்தியிருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி மண் லேசாக உப்பியிருந்தது. எலி நெல் சேர்க்கிற அறை அதற்குக் கீழே இருக்கிறது என்று வந்து உட்காரும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே உட்கார்ந்தாள். நெல் தன் பக்கத்து மண்ணில் இருக்கிறது. காசம்மாளின் மேரியும் காகிதமும் இந்த மண்ணுக்குச் செல்லாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“மொத வளையப் பாதியில வுட்டா கன்னிம்மா ஏத்துக்காதுடா,” என்றாள். “நெல்லு இங்கதான் இருக்குது. தாண்டி வா.”

“அக்கா,” என்றாள் காசம்மாள்.

“ரெண்டு வெட்டு வெட்டிட்டுப் போயிடுவான். இன்னா ஆயிடப்போவுது?”

அவன் அம்மாவைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான். பதினாலு வயசுக்கு நெல்தான் பெரிசு. தாண்டி வந்தான். மூன்றாம் வெட்டில் அறை திறந்துகொண்டது. அம்மாடி, எவ்வளவு நெல்! கதிர் கதிராகக் கத்தரித்து அடுக்கியிருந்தது அந்த எலி. அவன் கதிர்களைக் கசக்கி உதிர்த்துத் துண்டில் சேர்த்தான். அள்ள அள்ள வந்துகொண்டிருந்தது. கலியம்மாளுக்குக் கை தன்னால் போயிற்று. முந்தானையைப் பிரித்து, இரண்டு கையாலும் விரித்து, அவனுக்கு நேராக மடி ஏந்தினாள். பதினாலு வருஷத்தில் அவள் மனசு அவ்வளவு நிறைந்து இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

“யாருடா அது?”

தெற்கு வயலில் தலையாரியும் ஏட்டும் வந்துகொண்டிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் சீட்டில்லாமல் வயலில் யாராவது திரிகிறார்களா என்று பார்க்க வருவது வழக்கம். அதையும் கலியம்மாள் அறிவாள். மறந்துபோனாள் என்று சொன்னால் அது பொய், மறக்க விரும்பினாள்.

“சீட்டு இருக்குதாடா?” என்றான் ஏட்டு.

“நான் சோரியாங்குப்பம், சாமி,” என்றான் தங்கவேல்.

“எம் புள்ளதான், சாமி,” என்று காசம்மாள் எழுந்து வந்தாள். “எலிய தொரத்திக்கினு வந்துட்டான். பாகூரு மேரியில பேரு இருக்குது. இதோ கூட்டிக்கினு போயிடறேன்.”

ஏட்டு அப்படியே விட்டிருப்பான். வடக்கத்திப் பையன், இரண்டு தட்டு தட்டித் துரத்தினால் முடிந்தது. தலையாரிதான் விடவில்லை. அவன் பையனின் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“ஐயா, இத சாமிக்கண்ணுவோட மூஞ்சின்னு கண்ணு தெரியாதவன்கூட சொல்லுவான். ரேக எடுத்த வருஷம் அவன் பொண்டாட்டி இவ முழுவாம இருந்தா. புள்ள செத்துப் பொறந்துச்சுன்னாங்க. பொதைச்ச எடத்தக் காட்டுடான்னா காட்டல.”

ஏட்டுக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. மறைத்த ஆண்பிள்ளையைக் கண்டுபிடித்தால் அவனுக்கு நல்ல பேர். சாமிக்கண்ணுவுக்கு ஜெயில். பையனுக்குப் பத்து விரலிலும் மசி, சாவடியில் பாய், சாகும்வரை.

“மேரியில யாரு வேணாலும் எதை வேணாலும் எழுதலாம்,” என்றான் ஏட்டு. “பெத்தவ எவன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?”

“சுலுவா கண்டுபிடிக்கலாங்க,” என்றான் தலையாரி. அவன் இருளர்களோடு பிறந்து வளர்ந்தவன். அவர்கள் வழக்கமெல்லாம் அத்துப்படி. “அது மொத வளை நெல்லு. பெத்தவ மடியிலதான் கொட்டுவாங்க. மாத்திக் கொட்டுனா கண்ணு போயிடும்னு பயம். இவங்க நம்மகிட்ட ஆயிரம் பொய் சொல்லுவாங்க, கன்னிம்மாகிட்ட சொல்லமாட்டாங்க. கொட்டச் சொல்லுங்க, பாக்கலாம்.”

சொல்லிக்கொண்டே திரும்பியவன் கண்ணில் கலியம்மாளின் மடி பட்டது. அவள் இன்னும் ஏந்திக்கொண்டுதான் நின்றாள். கையை இறக்க மறந்துபோயிருந்தாள்.

“இன்னாடி,” என்றான் மெதுவாக. “நீ எதுக்கு மடி ஏந்திக்கினு நிக்கிற?”

கலியம்மாள் காசம்மாளைப் பார்த்தாள். தங்கச்சியின் முகத்தில் பயம் இருந்தது. அது ஏட்டைக் கண்ட பயம் இல்லை. அக்காவைக் கண்ட பயம். இவள் சொல்லிவிடுவாள், என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டுவிடுவாள் என்கிற பயம். பதினாலு வருஷமாக ஒவ்வொரு நாளும் அவளும் இதே பயத்தோடுதான் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் பார்த்ததில் கலியம்மாளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ‘எம் புள்ள’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவன் அவளுடையவன். சாமிக்கண்ணுவோடு அவனும் சாயங்காலம் மணியக்காரர் வாசலில் நிற்பான்.

அவன் கைகளைப் பார்த்தாள். மண்ணும் உமியும் ஒட்டிய பத்து விரல்கள்.

“பிச்ச கேட்டேன், சாமி,” என்றாள். “வூட்டுல அடுப்பு எரியல. தங்கச்சி மவன் நெல்லு எடுத்தானே, ஒரு கை போடுவான்னு மடி ஏந்துனேன்.”

தங்கவேல் அவளையே பார்த்தான். “கொட்டுடா,” என்றான் ஏட்டு. பையனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரிந்த அம்மா ஒருத்திதான். வரப்பைத் தாண்டிப் போய், துண்டை அவிழ்த்து, காசம்மாள் மடியில் கொட்டினான். நெல் சலசலவென்று விழுந்தது. கன்னியம்மா, கண்ணைப் பிடுங்குவதானால் என் கண்ணைப் பிடுங்கு என்று கலியம்மாள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டே, அந்த மடி எவ்வளவு கீழே தொங்குகிறது என்றும் பார்த்தாள்.

தலையாரிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “பிச்ச கேட்டாளே, போடேண்டி,” என்றான் காசம்மாளிடம். “பெத்தவ கையால நாங்க பாக்கப் போடு.”

காசம்மாள் கல் வரைக்கும் வந்தாள். ஒரு கை அள்ளினாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் மடியில் போட்டாள். ஒரே ஒரு கை.

“மவராசியா இரு, தாயி,” என்றாள் கலியம்மாள், பிச்சைக்காரிகள் சொல்வதுபோலவே, எல்லாருக்கும் கேட்கும்படி. “உம் புள்ள நல்லா இருக்கணும்.”

ஏட்டு காறித் துப்பினான். இனிமேல் கல்லைத் தாண்டினால் காலை உடைப்பேன் என்று பையனிடம் சொல்லிவிட்டு நடந்தான். தலையாரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி அவன் பின்னால் போனான். காசம்மாள் பையனை இழுத்துக்கொண்டு குடிசைக்கு ஓடினாள். பாதி வழியில் தங்கவேல் நின்று, “பெரிம்மா, எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே,” என்று கத்தினான். கலியம்மாள் கையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் குடிசைப் பக்கம் நடந்தாள். பிள்ளை பிழைத்தான், புருஷன் பிழைத்தான், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு கைதானா? அவ்வளவு நெல்லில் இரண்டு கை அள்ளிப் போட்டிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? எப்போதும் கஞ்சம்தான் காசம்மாள். சின்ன வயசிலேயே பனங்கிழங்கை ஒளித்து வைத்துத் தின்றவள். இப்போது போனதும் உரலில் போட்டுக் குத்துவாள், உலை வைப்பாள், மஞ்சள் பூசிய முகத்தோடு உட்கார்ந்துகொண்டு முதல் வாய்க் கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பாள். தங்கவேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

கலியம்மாள் நின்றாள். வடக்கே இருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. காசம்மாள் குத்த ஆரம்பித்துவிட்டாள்.

நடு வயலில் நின்றபடியே முந்தானையை அவிழ்த்து, அந்த ஒரு கை நெல்லையும் பச்சையாக, உமியோடு, வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். உமி ஈறில் குத்திற்று, நாக்கில் ஒட்டிற்று, தொண்டையை அறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்றையும் துப்பவில்லை. வடக்கே உலக்கை இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அது நிற்பதற்குள் கலியம்மாள் விழுங்கிவிட்டாள்.